வேடு கட்டிய பெட்ரோல் டாங்க்

அண்ணாச்சி காரைப் பூட்டிவிட்டு நாலடி நடப்பார். நின்று யோசிப்பார். திரும்பிப் போய்க் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். அதோடு விடமாட்டார். என்னைக் கூப்பிட்டு, "நீரும் ஒரு தடவ இழுத்துப் பாரும்வே" என்பார். நான் இழுத்துப் பார்த்து, பூட்டித்தான் இருக்கிறது என்று சொன்னால், "இவ்வளவு பலமா எதுக்கு இழுத்தீரு? லூஸாயிரப் போவுது" என்று மறுபடியும் தானே ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். அந்தக் காலத்து ஷார்ஜாவில் அரபிகள் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுத் தொழப் போவார்கள். வந்து பார்த்தால் வண்டியும் இருக்கும், சாவியும் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில்தான் எங்கள் அண்ணாச்சி இந்தக் கூத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் நடுவில் நானும் என் மனைவியும் ரோலா ஆலமரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தில் குடியிருந்தோம். நான் திருச்சிக்காரன், ஒரு வங்கியில் குமாஸ்தா. எங்களுக்கு மேல்வீட்டில் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். ஒரு பெரிய சாமான் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பு. கிடங்குக்கு வரும் பெட்டிகளை எண்ணுவதும், எண்ணிக்கை குறைந்தால் எங்கே குறைந்தது என்று துருவுவதும் அவர் வேலை. வேலைக்கேற்ற ஆளா, ஆளுக்கேற்ற வேலையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கட்டிடத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, அவர் மனைவி மதினி. காலையில் அலுவலகத்துக்கு அவர் காரிலேயே என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். இரண்டு பேர் அலுவலகமும் பக்கம்தான், ஏறி உட்கார்ந்து வேர்வையைத் துடைப்பதற்குள் வந்துவிடும்.

அவர் வீட்டில் டீ குடிப்பதே ஒரு சடங்கு. பால் டின்னை அவர்தான் உடைப்பார். ஆணியும் சுத்தியலும் எடுத்து, மேல்மூடியில் எதிரெதிராக இரண்டு ஓட்டை போடுவார். ஊற்றி முடித்ததும் டின்னைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். அடுத்த வேளை டீ போடுவதற்கு முன்னும் குலுக்கிப் பார்ப்பார். "நேத்து இத விட கனமாலா இருந்துச்சு" என்பார். பிற்பகலில் ஒரு வாய் டீ கூடுதலாகக் குடித்ததை ஒப்புக்கொள்கிற சிரிப்பு மதினி முகத்தில் தெரியும்.

ஒருமுறை என் மனைவிக்குக் கடுமையான காய்ச்சல். டாக்டர் கொடுத்த மாத்திரையை அண்ணாச்சி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். "இது அவ சீக்குக்கு உள்ளதுதானா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அதை எடுத்துக்கொண்டு வெயிலில் இன்னொரு டாக்டரைத் தேடிப் போனார். அவரும் அதே மாத்திரைதான் என்றார். திரும்பி வந்து, காய்ச்சல் இறங்குகிற வரைக்கும் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிரியம்கூடச் சந்தேகமாகத்தான் வெளியே வரும். இது புரிந்த பிறகு அவர்மேல் எனக்குக் கோபம் வருவது குறைந்துவிட்டது. அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

கார், ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. அப்போதே பழசு. அதன் டாங்க் எப்போதும் கழுத்துவரை நிரம்பியிருக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் சட்டம். பாதி டாங்கில் எவன் எவ்வளவு உறிஞ்சினான் என்று எப்படித் தெரியும்? நிரம்பியிருந்தால் ஒரு விரல் குறைந்தாலும் தெரிந்துவிடும்.

"தண்ணிய விட மலிவா பெட்ரோல் விக்கிற ஊரு அண்ணாச்சி. இங்க யாரு அதைத் திருடுவா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மலிவா இருக்கதுனாலதாம்வே திருடுவான். புடிபட்டா, 'போயும் போயும் இதுக்கா'ன்னு சிரிச்சுட்டுப் போயிரலாம்லா."



மதினிக்கு ஒரே தம்பி, சங்கரன். அண்ணாச்சிதான் முதலாளியிடம் பேசி விசா எடுத்து அவனை வரவழைத்திருந்தார். துபாய்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கம்பெனியின் யார்டில் வேலை. கேம்ப்பில் எட்டுப் பேரோடு ஓர் அறை. கலகலப்பான பையன் என்று சொல்லலாம். ஆனால் பையன் இல்லை, வயது இருபத்தேழு. ஊரில் அவனுக்குப் பெண் பேசி நிச்சயம் முடிந்திருந்தது. பெண் வீட்டார் துபாய் மாப்பிள்ளை என்றுதான் தலையசைத்திருந்தார்கள். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைதோறும் யாராவது வண்டியில் தொற்றிக்கொண்டு ஷார்ஜா வருவான். அக்கா கையால் சாப்பிடுவான். மூன்று மணி வெயிலில் அண்ணாச்சி அவனைக் காரில் கொண்டுபோய் கேம்ப்பில் விடுவார். பேச்சுத் துணைக்கு நானும் போவேன்.

வந்த சில நாளிலேயே சங்கரன் ஒரு தப்புச் செய்துவிட்டான். "அத்தான், ஒங்க வண்டியில டிரைவிங் பழகிக்கிடட்டுமா? லைசென்ஸ் எடுத்துட்டா டிரைவராயிரலாம்" என்று கேட்டான். அண்ணாச்சி முடியாது என்று சொல்லவில்லை. "பாப்போம்" என்றார். அவர் அகராதியில் அதற்கு, உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்கியது.

ஷார்ஜாவைத் தாண்டி இரண்டு பக்கமும் வெறும் மணலாக இருக்கும் ரோட்டில் போய்க்கொண்டிருப்போம். திடீரென்று வண்டி விக்கும். மிதித்தால் இழுக்காது. இன்னும் இரண்டு விக்கல், அப்புறம் மூச்சு நின்ற மாதிரி ஓர் ஓரமாய்ப் போய் நின்றுவிடும். "யாரும் எறங்கப்பிடாது" என்று உத்தரவு போட்டுவிட்டு அண்ணாச்சி மட்டும் பின்பக்கம் போவார். டாங்கைத் திறந்து, குச்சி விட்டு அளவு பார்த்து, கொஞ்ச நேரம் என்னவோ செய்துவிட்டு வருவார். சாவியைத் திருகினால் வண்டி கிளம்பிவிடும். அடுத்த வெள்ளியும் இதே கதை. அதற்கடுத்த வெள்ளியும்.

கராஜில் கான் பாய் என்ற பட்டாணிய மெக்கானிக் இருந்தார். அண்ணாச்சி வண்டியைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினார். கான் பாய் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோல் பம்ப்பைப் பிரித்து உள்ளே இருந்த ரப்பரை மாற்றினார். டாங்கிலிருந்து வரும் குழாயை வாயில் வைத்து ஊதினார். மண்ணும் இல்லை, துருவும் இல்லை. கோடைச் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிறதோ என்று ஈரத்துணி சுற்றிக் கொடுத்தார். கராஜைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, "மாஃபி முஷ்கில், பாய். காடி அச்சா ஹை" என்று சிரித்தார். வண்டியில் ஒரு கோளாறும் இல்லையாம். வெள்ளிக்கிழமை ஈரத்துணியோடு வண்டி அதே இடத்தில் நின்றது.

அண்ணாச்சி தன் தொழில் முறையைக் கையில் எடுத்துக்கொண்டார். "கெடங்குல பெட்டி கொறஞ்சா என்ன செய்வேன் தெரியுமா? ஒரு நேரத்துல ஒண்ண மட்டுந்தாம் மாத்துவேன். ஒருநா வாட்ச்மேன மாத்துவேன். இன்னொருநா பூட்ட மாத்துவேன். ரெண்டையும் ஒண்ணா மாத்துனா எவன் களவாணின்னு தெரியாது." அந்த முறைப்படி பெட்ரோல் போடும் பங்க்கை மாற்றினார், பிளக்கை மாற்றினார், கிளம்பும் நேரத்தை மாற்றினார். எதற்கும் மசியாமல் வெள்ளிக்கிழமை வண்டி நின்றது. மற்ற நாளில் அலுவலகத்துக்குப் போய் வருகையில் நிற்கவேயில்லை. சங்கரனை விட்டுவிட்டுத் திரும்பும்போதும் நிற்கவில்லை. வழியில் துபாயின் டேரா கடைத்தெருவில் இறங்கி டீ குடிப்போம். காரை விட்டு இறங்கினால் ஏறும் முன் டாங்கைத் திறந்து பார்க்காமல் அவர் எடுக்கமாட்டார். அப்புறம் வீடுவரை ஜோராக ஓடும்.

"அப்ப மிச்சம் என்ன இருக்கு?" என்று என்னைக் கேட்டார். "அவன் இருந்தா நிக்கி. அவன் இல்லன்னா ஓடுது."

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையா இருக்கும் அண்ணாச்சி."

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழமயா ஒரே காக்கா வந்து உக்காந்தா என்னவே அர்த்தம்?"

அன்றுதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்த ரகசியத்தைக் காட்டினார். டாங்க் மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே வாயின்மேல் கெட்டியான ஒரு பிளாஸ்டிக் தாள். ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுகிற மாதிரி அதை இழுத்துப் பிடித்து, நூலால் இறுக்கிச் சுற்றி, தன் கையால் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். சங்கரன் வண்டி கேட்ட மறுநாளே கட்டியதாம். அந்த முடிச்சு அவருக்கு மட்டும்தான் தெரியுமாம்.

"ஒவ்வொரு தடவ வண்டி நின்ன பெறவும் தெறந்து பாக்கேன். தாளு உள்பக்கமா குழி விழுந்து கெடக்கு. எவனோ வெரல வச்சு அமுக்கியிருக்கான்."

"முடிச்சு?"

"அப்படியே இருக்கு. கெட்டிக்காரப் பய, அவுத்துட்டு அதே மாதிரி போட்டிருக்கான்."

முடிச்சு கலைந்திருந்தால் சங்கரன் திருடன், கலையாமல் இருந்தால் சங்கரன் கெட்டிக்காரத் திருடன். எனக்குச் சிரிப்பு வந்தது. இதைக் கான் பாயிடம் காட்டியிருக்கலாமே என்றேன். "கராஜுக்குப் போவும்போதெல்லாம் அவுத்து வீட்டுல வச்சிட்டுத்தாம் போனேன். அவன் பாத்தா அவனும் முடிச்சப் படிச்சுக்கிடுவாம்லா" என்றார். கார் விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏறுவதும் இறங்குவதும்தான்.

"அவன் எதுக்கு இதைச் செய்யணும் அண்ணாச்சி?"

"வண்டி தரலங்கிற காந்தல். சும்மா சும்மா நின்னா நான் அலுத்துப்போயி வந்த வெலைக்குத் தள்ளிவிடுவேன், அவன் வாங்கிக்கிடலாம்னு கணக்கு."

சந்தேகம் ஒட்டுவாரொட்டி. அடுத்த வெள்ளிக்கிழமை கண்ணாடி வழியாக நான் சங்கரனின் கைகளையே பார்த்துக்கொண்டு போனேன். மடியில் அக்கா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுத் தூக்கு. அதைப் பிடித்திருந்த விரல்கள் எனக்குத் திருட்டு விரல்களாகவே தெரிந்தன. அவன் ஊரைப் பற்றி ஏதோ வேடிக்கை சொன்னான். எதை மறைக்க இப்படிச் சிரிக்கிறான் என்று தோன்றியது. வண்டி நின்றதும் சங்கரன் கேட்டான். "அத்தான், என் மேல எதுவும் நெனப்பு இருக்கா?" அண்ணாச்சி இறங்கிப் பின்பக்கம் போனார்.

ஒரு மாதத்துக்குள் முடிவெடுத்துவிட்டார். பம்பாய்க் கப்பலில் சங்கரனுக்கு இடம் போட்டாயிற்று. முதலாளியிடம், பையனுக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டார். மதினி எங்கள் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து அழுதார். "அவன் திரும்பிப் போனா நிச்சயம் முறிஞ்சிரும் தம்பி. ஊர்ல என்ன சொல்லுவாவ? களவாண்டான்னுதான சொல்லுவாவ? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாவ." அண்ணாச்சி யார் சொல்லியும் கேட்டதில்லை என்பது அவருக்கும் தெரியும். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அன்று மாலை மேலே போய்ப் பேசத்தான் செய்தேன். "ஒம்மயும் மயக்கிட்டானா?" என்று ஒரே கேள்வி. இறங்கி வந்துவிட்டேன்.

கப்பல் புறப்படுகிற நாளும் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. சங்கரன் கடைசியாக அக்கா வீட்டில் சாப்பிட்டான். சாப்பிட்டான் என்று பேர். கிளம்பும்போது அண்ணாச்சி என்னைக் காரின் பின்பக்கம் அழைத்துப் போனார். என் கண்ணெதிரே தாளை இழுத்துக் கட்டி, முடிச்சுப் போட்டு, மூடியைத் திருகினார். "நீரு சாட்சி. இன்னைக்கு அவன் கை டாங்குப் பக்கம் போவாது. பாரும், வண்டி நிக்காது" என்றார். தன் கட்சிக்குக் கடைசி ஆதாரம் சேர்க்கிறார் என்று புரிந்தது. சங்கரனைப் பின்னால் நடுவில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் அவன் பெட்டி படுக்கைகளை அடுக்கினார். கதவைத் திறக்கக்கூட அவனால் முடியாது.

மணல் ரோட்டில் அதே இடத்துக்குப் பக்கத்தில் வண்டி விக்கியது. இன்னும் இரண்டு விக்கல். நின்றது.

அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். கண்ணாடியில் சங்கரனைப் பார்த்தார். அவன் பெட்டிகளுக்கு நடுவில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "வாரும்" என்று என்னிடம் சொன்னார். முதல் தடவையாக டாங்குக்குப் பக்கத்தில் நான் நின்றேன். மூடியைத் திருகினார். தாள் உள்நோக்கிக் குழி விழுந்து, பொக்கை வாய்க் கன்னம் மாதிரி ஒட்டிக் கிடந்தது. நூலை அறுத்தார். உஸ்ஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் எனக்கே கேட்டது.

"யாரும் கையே வைக்கலையே அண்ணாச்சி" என்றேன்.

அவர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் சங்கரன் பெட்டியை நகர்த்திவிட்டு இறங்கி வந்திருந்தான். அவர் கையிலிருந்த தாளையும் நூலையும் பார்த்தான். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும்.

"இதயா அத்தான் கட்டி வச்சிருந்திய?" என்றான். "காத்து எங்கன போவும்? பெட்ரோல் எறங்க எறங்க உள்ள காத்து போவணும்லா? அதாம் ரொம்பத் தூரம் போனா இழுக்க மாட்டாம நிக்கி. இந்த மூடியில ஓட்ட போட்டிருக்கதே அதுக்குத்தான்." தாளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான். "பால் டின்னுக்கே ரெண்டு ஓட்ட போடுதிய, அத்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவன் சாதாரணமாகச் சொன்னான். அண்ணாச்சி திறந்து பார்க்கும்போதெல்லாம் காற்று உள்ளே போயிருக்கிறது, வண்டி ஓடியிருக்கிறது. திறந்து பார்த்ததும் அவர்தான், மறுபடி கட்டியதும் அவர்தான். டாங்கை நிரப்பி வைத்ததில் உள்ளே காற்றுக்கு இடமும் இல்லாமல் போயிருக்கிறது; திரும்பும்போது டாங்க் கொஞ்சம் காலியாகி இடம் கிடைத்திருக்கிறது. இதையெல்லாம் நான் பின்னால்தான் யோசித்துப் புரிந்துகொண்டேன். அந்த நிமிடம் எனக்கு அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவர் தாளைக் கசக்கி மணலில் எறிந்தார். மூடியை மட்டும் திருகினார். வண்டி உடனே கிளம்பியது.

கப்பலடியில் கூட்டம். கூலிகள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு "யல்லா, யல்லா" என்று இடித்துக்கொண்டு ஓடினார்கள். சங்கரன் தன் பெட்டியை எடுக்கக் குனிந்தபோது அண்ணாச்சி அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"போவாண்டாம்டா. நாளைக்கு மொதலாளிட்டப் பேசிருதேன். நான் கூட்டியாந்தவன், நானே சொன்னா கேப்பாரு. வண்டியில ஏறு."

அவர் யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. சங்கரன் கண்ணிலும் தண்ணீர்தான். நிச்சயமான பெண், கேலி பேசப் போகிற ஊர், எல்லாம் அவன் முகத்தில் வந்து போயின. ஏறிவிடுவான் என்றே நினைத்தேன்.

"வேண்டாம் அத்தான்" என்றான். "இன்னைக்கு இது சரியாப் போச்சு. நாளைக்கு வேற ஒண்ணு நிக்கும். அப்பவும் பின்னால நாந்தான் உக்காந்திருப்பேன்." அவர் விரல்களை மெதுவாக விலக்கிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டான். "அக்காவப் பாத்துக்கிடுங்க." என்னைப் பார்த்துத் தலையசைத்தான். படியேறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும்போது டேராவில் டீக்கு நிறுத்தவில்லை. வண்டி ஒரே ஓட்டமாக ஓடியது. வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. எங்கள் இரண்டு பேர் காதும் இன்ஜின் சத்தத்திலேயே இருந்தது. ஒரு விக்கலும் இல்லை. மணலும் போய், கட்டிடங்கள் வந்து, வீடும் வந்துவிட்டது. அண்ணாச்சி இறங்கினார். சாவி கையில் இருந்தது, கதவைப் பூட்டவில்லை. மேலே பால்கனியில் மதினி நின்றுகொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேராக வருவோமா என்று பார்த்திருப்பார்.

"ரெண்டையும் ஒண்ணா மாத்திட்டோம்வே" என்றார் அண்ணாச்சி.

"எதை?"

"தாளும் இல்ல, அவனும் இல்ல. வண்டி ஓடுது. எதுனால ஓடுதுன்னு இனிமே எப்படிச் சொல்ல?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது. இத்தனைக்கும் பிறகுமா என்று கேட்க வாயெடுத்தபோதுதான் அவரைப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், மறுபடி மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அவன இன்னொரு தடவ பின்னால உக்கார வச்சு ஓட்டிப் பாக்கணும். அப்பத்தாம் முடிவாச் சொல்ல முடியும்."

"அப்படின்னா அவனைக் கூப்பிடுங்க அண்ணாச்சி."

"கூப்பிடலாம்" என்றார். பால்கனியை நிமிர்ந்து பார்த்தார். "வருவானாவே?"

நான் அவரை அறிந்த காலத்தில் அவர் பட்ட சந்தேகங்களிலேயே நியாயமானது அது ஒன்றுதான்.